கறவை மாடு வாங்கலாமா? சேலத்துக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஓமலூர், வாழப்பாடி, ஆத்தூர் பக்கத்திலிருந்தும் ஏற்காட்டு மலைக் கிராமங்களிலிருந்தும் புதிதாக மாடு கட்ட நினைப்பவர்கள் வழக்கமாகக் கேட்பவை இவை. எல்லாக் கேள்விக்கும் ஒரே நீளத்தில் பதில் இருக்காது. ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: மாட்டைத் தேடிப் போவதற்கு முன் தீவனத்துக்கு வழி பண்ணுங்கள். கீழே உள்ள பாதிப் பதில்கள் அங்கேதான் போய் முடிகின்றன.

மாடு வருடம் முழுக்கப் பால் கொடுக்குமா?

கொடுக்காது. கன்று போட்டால்தான் பால். பசுவின் சினைக்காலம் சுமார் 280 நாள். ஈன்ற பிறகு பால் மெல்ல ஏறி, ஆறு முதல் எட்டு வாரத்தில் உச்சத்தைத் தொடும். அப்புறம் இறங்கிக்கொண்டே வரும். 305 நாள் கறவை, 60 நாள் வற்றல் என்பது பாடப்புத்தகக் கணக்கு. அந்த 60 நாளில் கறப்பதை நிறுத்திவிட வேண்டும். வயிற்றுக் கன்று வேகமாக வளர்வது கடைசி இரண்டு மாதத்தில்தான். மடியும் அடுத்த ஈத்துக்குத் தயாராவது அப்போதுதான். "இன்னும் இரண்டு லிட்டர் வருதே, எதுக்கு விடணும்" என்று ஈனும் வரை கறப்பவர்கள் அடுத்த ஈத்தில் அதைவிட அதிகமாக இழப்பார்கள்.

ஒரு லிட்டர் பால் சுரக்க மடி வழியாக ஏறத்தாழ 400 முதல் 500 லிட்டர் ரத்தம் ஓடியாக வேண்டும். பாலில் 87 சதவீதம் தண்ணீர். இந்த இரண்டையும் மனதில் வைத்துக்கொண்டால், கட்டுத்தறியில் எந்நேரமும் தண்ணீர் இருக்க வேண்டும் என்று ஏன் சொல்கிறார்கள் என்பது புரியும். காலையும் மாலையும் ஒவ்வொரு வாளி காட்டினால் போதாது. கறக்கும் ஒவ்வொரு லிட்டருக்கும் நான்கைந்து லிட்டர் தண்ணீர் உள்ளே போக வேண்டும். வெயில் காலத்தில் இன்னும் கூடுதலாக.

சேலத்துக்கு எது தோது, ஜெர்சியா எச்.எஃப்.பா?

சேலத்துக்குள்ளேயே இரண்டு ஊர் இருக்கிறது. கீழே மே மாதம் வெயில் 40 டிகிரியைத் தொடும். மேலே ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரத்தில், போர்வை கேட்கும் ஊர். ஒரே மாட்டை இரண்டு இடத்திலும் கட்டிவிட்டு ஒரே பாலை எதிர்பார்க்க முடியாது.

ஜெர்சி, இங்கிலீஷ் கால்வாயில் உள்ள ஜெர்சி தீவிலிருந்து வந்தது. சின்ன உடம்பு, பழுப்பு நிறம், பாலில் கொழுப்பு அதிகம். எச்.எஃப். என்கிற ஹோல்ஸ்டீன் ஃபிரீசியன் நெதர்லாந்து, வடஜெர்மனிப் பக்கத்து மாடு. கறுப்பு வெள்ளைத் திட்டு, பெரிய உடம்பு, பால் அதிகம், கொழுப்பு குறைவு. நம்மிடம் இருப்பவை பெரும்பாலும் கலப்பினம்தான். தமிழ்நாட்டின் இனவிருத்திக் கொள்கையே சமவெளிக்கு ஜெர்சிக் கலப்பு, குளிர்ந்த மலைப்பகுதிக்கு எச்.எஃப். கலப்பு என்றுதான் போகிறது. என் கருத்தும் அதுதான்.

ஆனால் சமவெளியில் எச்.எஃப். கலப்பு மாடு நிறைய நிற்கிறதே என்பீர்கள். நிற்கிறது, உண்மைதான். நிழல், காற்றோட்டம், மதியம் உடம்பில் தண்ணீர் தெளிப்பு, வேளை தவறாத பச்சைத் தீவனம் எல்லாம் இருந்தால் நன்றாகவே கறக்கும். அவை இல்லாத இடத்தில் சித்திரை வந்ததும் நாக்கைத் தொங்கப்போட்டு மூச்சு வாங்கும், தீனி எடுக்காது, பால் இறங்கும், சினையும் பிடிக்காது. சீமை ரத்தம் கூடக் கூடப் பாலும் கூடும், வெயில் தாங்கும் சக்தி குறையும். முதல் மாடு வாங்குபவர்கள் நாளுக்கு 8 முதல் 10 லிட்டர் கறக்கும் ஜெர்சிக் கலப்பில் தொடங்குவதே நல்லது. 20 லிட்டர் மாட்டைச் சமாளிக்கத் தனி அனுபவம் வேண்டும்.

நாட்டு மாடு வைத்துப் பால் வியாபாரம் பண்ண முடியுமா?

நம்மைச் சுற்றியுள்ள காங்கேயம், ஆலம்பாடி, பர்கூர் எல்லாமே உழவுக்கும் வண்டிக்கும் பேர் போன இனங்கள். பால் இரண்டு மூன்று லிட்டர் வரும், அவ்வளவுதான். வீட்டுக்குப் பால், தோட்டத்துக்கு எரு, இனம் அழியக் கூடாது என்ற எண்ணம், இவற்றுக்காக வளர்த்தால் மதிக்க வேண்டிய காரியம். சொசைட்டிக்கு, அதாவது ஊர்ப் பால் கூட்டுறவுச் சங்கத்துக்கு, ஊற்றிக் கடன் அடைக்கலாம் என்று கணக்குப் போட்டால் கட்டாது.

எருமையை மறந்துவிடாதீர்கள். கொழுப்பு 7 சதவீதம் வரை வரும். ஆனால் சினைக்காலம் 310 நாள், பருவ அறிகுறி வெளியே சரியாகத் தெரியாது, உடம்பு நனைக்கத் தண்ணீர் வேண்டும்.

ஏ2 பால் உடம்புக்கு ரொம்ப நல்லதாமே?

நாட்டு மாட்டுப் பாலில் பெரும்பாலும் ஏ2 வகைப் புரதம் இருப்பது உண்மை. எருமைப் பாலிலும் அதுதான். அதனால் இரண்டு மடங்கு விலை கொடுக்கும் அளவுக்கு உடல்நலம் கூடும் என்பது உறுதியாக நிறுவப்படவில்லை.

ஒரு மாட்டுக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு தீனி?

சுமார் 350, 400 கிலோ எடையுள்ள கலப்பினப் பசுவுக்குப் பச்சைத் தீவனம் 25 முதல் 30 கிலோ, சோளத்தட்டோ வைக்கோலோ 5 கிலோ. இதற்கு மேல் தவிடு, தானியம், புண்ணாக்கு கலந்த அடர்தீவனம்: உடம்பைக் காக்க ஒன்றரைக் கிலோ, அப்புறம் கறக்கும் ஒவ்வொரு இரண்டரை லிட்டருக்கும் 1 கிலோ. பத்து லிட்டர் மாடு என்றால் ஐந்தரைக் கிலோ வருகிறது. தாது உப்புக் கலவை நாளுக்கு 50 கிராம். இந்த 50 கிராமைத்தான் முதலில் மிச்சம் பிடிப்பார்கள், அப்புறம் சினை பிடிக்கவில்லை என்று நான்கு ஊசிக்குச் செலவு செய்வார்கள்.

செலவில் பெரும்பகுதி தீவனம்தான். அதைக் குறைக்க ஒரே வழி சொந்தப் புல். கம்பு நேப்பியர் ஒட்டுப்புல், அதாவது கோ 4 அல்லது கோ 5 கரணை, நட்டால் 75 முதல் 80 நாளில் முதல் அறுப்பு, பிறகு 45 நாளுக்கு ஒன்று. பாசனம் இருந்தால் ஒரு மாட்டுக்குப் பத்து சென்ட் என்பது விவசாயிகள் வைத்திருக்கும் கணக்கு. நேப்பியரை மட்டும் போடாமல் மூன்று பங்கு புல்லுக்கு ஒரு பங்கு வேலிமசால், அகத்தி, காராமணி மாதிரிப் பயறு வகை சேர்க்க வேண்டும். புரதம் அதில்தான் இருக்கிறது. பச்சை மிஞ்சும் காலத்தில் மக்காச்சோளத்தைப் பால் பிடிக்கும் பருவத்தில் வெட்டி, நறுக்கி, காற்றுப் புகாமல் அமுக்கி மூடிவைத்தால் 45 நாளில் ஊறுகாய்ப் புல், அதாவது சைலேஜ், தயார். ஆத்தூர் பக்கம் மக்காச்சோளம் நிறைய விளைவதால் சைலேஜ் போடுவது எளிது. கோடைக்கு அதுவே கைகொடுக்கும்.

புல்லுக்கு நிலமும் இல்லை, தண்ணீரும் இல்லை என்றால்? தட்டை விலைக்கு வாங்கி, மூட்டைத் தீவனத்தை நம்பி இரண்டு மாடு வைக்கலாம். ஐந்து மாடு வைக்காதீர்கள்.

ஜவ்வரிசி ஆலைத் திப்பி மலிவாகக் கிடைக்கிறதே, கொடுக்கலாமா?

இது சேலத்துக்கே உரிய கேள்வி, கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். மரவள்ளிக் கிழங்கை அரைத்து மாவுச்சத்தைப் பிரித்த பிறகு மிஞ்சும் சக்கைதான் திப்பி. அதில் மாவு இன்னும் கொஞ்சம் இருக்கிறது, நார் இருக்கிறது. புரதம் கிட்டத்தட்ட இல்லை. ஆகவே காயவைத்த திப்பி, அடர்தீவனத்தில் தவிடு, தானியம் இருக்கும் இடத்தில் ஒரு பகுதிக்குச் சரி. புண்ணாக்கு இருக்கும் இடத்துக்குச் சரிவராது. திப்பியை ஏற்றிப் புண்ணாக்கைக் குறைத்தால் மாடு பார்க்கக் கொழுகொழுவென்று இருக்கும், பால் இறங்கிவிடும்.

ஆலையிலிருந்து ஈரமாக வாங்கி வந்து குவித்து வைப்பது அடுத்த தப்பு. ஓரிரு நாளில் புளிக்கும், பூஞ்சணம் பிடிக்கும். பூஞ்சணம் பிடித்ததைக் குப்பைக்குழியில் போடுங்கள், மாட்டுக்குப் போட்டு மிச்சம் பிடிக்க வேண்டாம். நல்ல திப்பியானாலும் ஒரே நாளில் நிறையக் கொடுத்தால் இரைப்பையில் அமிலம் ஏறி மாடு அசைபோடாமல் நின்றுவிடும். பழக்கம் இல்லாத மாட்டுக்கு ஒரு கைப்பிடியில் தொடங்கி, பத்து நாள் போல எடுத்துக்கொண்டு மெல்லக் கூட்டுங்கள்.

பச்சை மரவள்ளி இலை, தோல், கிழங்கு ஆகியவை வேறு விவகாரம். அவற்றில் சயனைடு உண்டாகும். அறுவடை நேரத்தில் அவிழ்த்துக்கொண்ட மாடு காட்டுக்குள் புகுந்து வயிறு நிறைய மேய்ந்தால், சில நிமிடங்களிலேயே மூச்சு வாங்கி, நுரை தள்ளி, தள்ளாடி விழும். கால்நடை மருத்துவர் உடனே நரம்பில் சோடியம் நைட்ரைட்டும் சோடியம் தயோசல்ஃபேட்டும் ஏற்றினால் பிழைக்க வாய்ப்பு உண்டு, கைவைத்தியம் பார்த்துக்கொண்டிருக்க நேரம் இல்லை. இலையை நன்றாக வெயிலில் உலர்த்தினால் நஞ்சு பெருமளவு போய்விடும். இதே நஞ்சு இளஞ்சோளத்திலும் உண்டு. குறிப்பாக வறட்சியில் வாடி, ஒரு மழைக்குப் பிறகு துளிர்க்கும் சோளத்தில் மாட்டை விடாதீர்கள். பூத்த பிறகு அறுத்துப் போடுங்கள்.

ஏற்காட்டில் மாடு வளர்ப்பதில் என்ன வித்தியாசம்?

வெயில் பிரச்சினை இல்லை, அது பெரிய வரம். நாகலூர், வாழவந்தி, செம்மநத்தம் பக்கமெல்லாம் எச்.எஃப். கலப்பு சுகமாக நிற்கும். காபித் தோட்டத்துக்குத் தொழுவுரம் வேண்டும் என்பதால் சாணத்துக்கும் மதிப்பு உண்டு. ஒரு மாடு நாளுக்குப் பத்துப் பதினைந்து கிலோ சாணம் போடும்.

மேலே உள்ள சிக்கல்கள் வேறு மாதிரி. முதலாவது ஈரம். மழைக்காலத்தில் தொழுவம் காயவே காயாது. தரை சொதசொதவென்று இருந்தால் குளம்பு அழுகும், மடிநோய் வரும். தரையைச் சரிவாகப் போட்டு மூத்திரம் வடியவிடுங்கள். சமவெளியில் வெயில் உள்ளே விழாமல் இருக்கக் கொட்டகையைக் கிழக்கு மேற்காகப் போடுவார்கள். மலையில் இளவெயில் உள்ளே வந்தால் நல்லது, வாடைக் காற்று மட்டும் வரக் கூடாது.

இரண்டாவது உண்ணிச்செடி. சேர்வராயன் மலை முழுக்கப் புதராக மண்டிக் கிடக்கிறது. பசித்த மாடு, குறிப்பாகக் கீழிருந்து புதிதாக ஏற்றிவந்த மாடு, அதைக் கடித்துவிடும். ஈரல் கெட்டு, மஞ்சள் காமாலை கண்டு, வெயில் பட்ட தோல் புண்ணாகி உரியும். மேய்ச்சலுக்கு விடும் முன் கொஞ்சம் தட்டுப் போட்டுப் பசியாற்றி அனுப்பினால் பாதி ஆபத்து போய்விடும்.

மூன்றாவது காட்டெருமை. எஸ்டேட்டுக்குள் அவை வந்து போவது இப்போது சாதாரணம். ஆளை முட்டுவதை மட்டும் பயந்து பேசுகிறோம். வாயிலும் காலிலும் புண் வரும் கோமாரி நோய் காட்டெருமைக்கும் வீட்டு மாட்டுக்கும் பொதுவானது என்பதை யாரும் பேசுவதில்லை. மலையில் தடுப்பூசி முகாமைத் தவறவிடுவது ஊருக்கும் காட்டுக்கும் சேர்த்துச் செய்யும் கெடுதல்.

சந்தையில் மாடு வாங்கும்போது எதைப் பார்ப்பது?

சேலத்துக்காரர்கள் பலர் ஈரோடு கருங்கல்பாளையம் வியாழக்கிழமைச் சந்தைக்குத்தான் போகிறார்கள். புதியவர்களுக்கு நான் சொல்வது, முதல் மாட்டைச் சந்தையில் வாங்காதீர்கள். அக்கம்பக்கத்துத் தோட்டத்தில், தெரிந்தவரிடம், மூன்று வேளை தொடர்ந்து கறந்து பார்த்து வாங்குங்கள். சந்தைக்கு வரும் மாட்டை முந்தின வேளை கறக்காமல் விட்டு மடி புடைக்க நிறுத்தியிருப்பார்கள். துண்டுக்குள் விரல் பிடித்துப் பேசும் தரகரின் பேச்சு உங்களுக்குப் புரிவதற்குள் வியாபாரம் முடிந்திருக்கும்.

எங்கே வாங்கினாலும் இரண்டாம் ஈத்து, மூன்றாம் ஈத்து மாடாகப் பாருங்கள். பல்லைப் பார்த்து வயதை அறியலாம். நிலைப்பல் இரண்டு என்றால் இரண்டு இரண்டரை வயது, எட்டும் விழுந்து முளைத்திருந்தால் ஐந்துக்குப் பக்கம். மடி உடம்போடு ஒட்டி இருக்க வேண்டும். கறந்ததும் துணிப்பை போலச் சுருங்கினால் அது பால் மடி, சுருங்காமல் கல்லாக நின்றால் சதை மடி. நான்கு காம்பிலும் நீங்களே பீய்ச்சிப் பாருங்கள். திரி திரியாக வந்தால் விட்டுவிடுங்கள். அடிவயிற்றுப் பால் நரம்பு தடித்து வளைந்து ஓடினால் நல்லது. சுழி பார்ப்பது உங்கள் விருப்பம். பாலுக்கும் சுழிக்கும் சம்பந்தம் இல்லை, ஆனால் திரும்ப விற்கும்போது சுழியைக் காட்டி விலையைக் குறைப்பார்கள் என்பதால் சுத்தமாக ஒதுக்கவும் முடியாது.

சினை ஊசி போட்டும் நிற்கவில்லையே?

பெரும்பாலும் நேரக் கோளாறுதான். பருவம் 21 நாளுக்கு ஒருமுறை வரும், 12 முதல் 18 மணி நேரம்தான் நிற்கும். கத்துதல், அடிக்கடி மூத்திரம், கண்ணாடி மாதிரி வழும்பு, பால் திடீரெனக் குறைவது ஆகியவை அறிகுறி. மற்ற மாடு மேலே தாவும்போது அசையாமல் நின்றால் சந்தேகமே வேண்டாம். காலையில் கண்டால் அன்று மாலை ஊசி, மாலையில் கண்டால் மறுநாள் காலை. ராத்திரியில் பருவத்துக்கு வரும் மாடுகள் நிறைய. படுக்கும் முன் ஒருமுறை, விடியும் முன் ஒருமுறை கட்டுத்தறியை எட்டிப் பாருங்கள்.

ஈன்று 60 முதல் 90 நாளுக்குள் மறுபடி சினையாக்கினால்தான் வருடத்துக்கு ஒரு கன்று. வருடம் ஒன்று என்றால் ஐந்து வருடத்தில் ஐந்து ஈத்து; பதினைந்து மாதத்துக்கு ஒன்று என்றால் நான்குதான். போன அந்த ஒரு ஈத்தின் பாலும் கன்றும் எந்தக் கணக்கிலும் எழுதப்படாத நட்டம். மூன்று ஊசிக்கும் நிற்காத மாட்டை மருத்துவரிடம் காட்டிக் கருப்பையைச் சோதியுங்கள். கிடாரிக் கன்றுக்கான பாலினம் பிரித்த விந்தும் இப்போது கிடைக்கிறது, சுமார் 90 சதவீதம் கிடாரியாகவே பிறக்கும்.

கன்று போட்ட அன்று என்ன செய்ய வேண்டும்?

சீம்பாலை முதல் ஒரு மணி நேரத்துக்குள் ஊட்டுங்கள். நஞ்சுக்கொடி விழட்டும் என்று காத்திருக்கும் பழக்கம் இன்னும் பல ஊரில் இருக்கிறது. அதனால் கன்றுதான் சாகிறது. தாயின் நோய் எதிர்ப்பு கன்றுக்குப் போவது சீம்பால் வழியாகத்தான். அதை உறிஞ்சும் குடலின் சக்தி மணிக்கு மணி குறைந்து ஒரு நாளில் நின்றுபோகும். கன்று 25 கிலோ என்றால் முதல் நாளுக்கு இரண்டரை லிட்டர், இரண்டு மூன்று தடவையாக. நஞ்சுக்கொடி 12 மணி நேரத்தில் விழாவிட்டால் மருத்துவரை அழையுங்கள், இழுக்கவோ கல் கட்டித் தொங்கவிடவோ வேண்டாம்.

நல்ல கறவை மாடு ஈன்ற மூன்று நாளுக்குள் காது சில்லிட்டு, கழுத்தை விலாவில் மடக்கிப் படுத்துவிட்டால் அது பால் காய்ச்சல். பெயரில்தான் காய்ச்சல், உடம்பு குளிர்ந்திருக்கும். ரத்தத்தில் சுண்ணாம்புச் சத்து இறங்கியதால் வருவது. நரம்பில் கால்சியம் ஏற்றினால் படுத்த மாடு எழுந்து நிற்பதைக் கண்ணால் பார்க்கலாம்.

கறப்பதில் முறை என்று ஏதாவது உண்டா?

உண்டு. மடியைக் கழுவித் துடைத்ததும் மாடு சொரப்பு விடும், அதாவது பாலை மடியில் இறக்கும். அது ஐந்து முதல் ஏழு நிமிடம்தான் நீடிக்கும், அதற்குள் கறந்து முடிக்க வேண்டும். நடுவில் போன் வந்தால் எடுக்காதீர்கள். கட்டைவிரலை மடக்கிக் கறப்பது காம்பைப் புண்ணாக்கும், முழுக்கையால் பிடித்துக் கறக்கப் பழகுங்கள். சொரப்புக்காக ஆக்சிடோசின் ஊசி போடுவது சட்டப்படியும் தப்பு.

முதல் இரண்டு பீச்சைக் கறுப்புத் துணியில் விட்டுப் பாருங்கள். திரி தெரிந்தால் மடிநோய் ஆரம்பம். கறந்து முடித்ததும் காம்பை மருந்தில் நனைத்து, தீனி போட்டு அரை மணி நேரம் நிற்கவையுங்கள். காம்புத் துளை மூட அவ்வளவு நேரம் ஆகும், உடனே படுத்தால் கிருமி நேராக உள்ளே போகும். சோற்றுக்கற்றாழை 250 கிராம், மஞ்சள்தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம் சேர்த்து அரைத்து மடியில் பூசும் மூலிகை முறை ஆரம்பக் கட்டத்தில் பலருக்குப் பலன் தருகிறது. மடி சூடாகி மாடு தீனி எடுக்காத நிலைக்குப் போனால் மருத்துவர்தான். ஆன்டிபயாட்டிக் போட்டால், அவர் சொன்ன நாள் வரை அந்தப் பாலை சொசைட்டிக்கு ஊற்றக் கூடாது.

சொசைட்டியில் டிகிரி (பாலின் அடர்த்தி அளவு) குறைவு, கொழுப்பு குறைவு என்கிறார்களே?

தண்ணீரே கலக்காத பாலிலும் குறையலாம். தட்டு, வைக்கோல் குறைந்து அடர்தீவனம் அதிகமானால் கொழுப்பு விழும். மாட்டின் வயிற்றில் நார் புளிக்கும்போது உண்டாகும் அமிலத்திலிருந்துதான் பால் கொழுப்பு உருவாகிறது. கடைசிச் சொட்டு வரை கறக்காவிட்டாலும் குறையும், கொழுப்பு மிகுந்த பால் கடைசியில்தான் வரும். கன்றுக்குக் கடைசிப் பாலை விட்டுவிட்டு முன்பாலை ஊற்றினால் மீட்டரைத் திட்டிப் பயனில்லை.

ஆவின் மூன்றடுக்குக் கூட்டுறவு: ஊர்ச் சங்கம், மாவட்ட ஒன்றியம், மாநில இணையம். 2022 நவம்பரில் பசும்பால் கொள்முதல் விலை லிட்டருக்கு 35 ரூபாய், எருமைப்பால் 44 ரூபாய் என்று உயர்ந்தது, 2023 டிசம்பரில் 3 ரூபாய் ஊக்கத்தொகை சேர்ந்தது. தனியார் சில மாதம் கூடக் கொடுப்பார்கள், பால் பெருகும் பருவத்தில் குறைப்பார்கள். இரண்டு பக்கமும் விலை கேட்டுத்தான் ஊற்ற வேண்டும், ஆனால் சங்க உறுப்பினர் அட்டையை விட்டுவிடாதீர்கள்.

எத்தனை மாட்டில் தொடங்குவது?

இரண்டு. ஒன்று ஈன்று நாலைந்து மாதம் கழித்து மற்றது ஈனும்படி. வீட்டில் எப்போதும் பால் வரவு இருக்கும், வேலையும் பழகும்.

தடுப்பூசி, பயிற்சி, அவசர உதவிக்கு எங்கே போவது?

கோமாரிக்கு வருடம் இரண்டு முறை. அடைப்பான், சப்பை நோய், தொண்டை அடைப்பான் உங்கள் பகுதியில் எது வருகிறதோ அதற்கு. கிடாரிக் கன்றுக்கு நான்கு முதல் எட்டு மாதத்துக்குள் கன்றுவீச்சு நோய்க்கு ஒருமுறை. தோல் கழலை நோய்க்கு ஆட்டம்மைத் தடுப்பூசி பயன்படுகிறது. பயிற்சிக்கு சந்தியூர் வேளாண் அறிவியல் நிலையம், தலைவாசல் கால்நடை மருத்துவக் கல்லூரி, 1985இல் தொடங்கிய நாமக்கல் கல்லூரி மூன்றும் எட்டும் தூரத்தில்தான் இருக்கின்றன. மாடு எழ முடியாமல் கிடந்தால் 1962 எண்ணுக்கு அழைத்து கால்நடை ஆம்புலன்ஸ் கேட்கலாம். காதில் உள்ள 12 இலக்க வில்லை எண்ணை போனில் எழுதி வைத்திருங்கள், காப்பீட்டுக்கும் அதைத்தான் கேட்பார்கள்.